குழல் இல்லாதவன்

வின்ஸ்லோவில், நெடுஞ்சாலை ஓர விடுதியில்
இருபத்தாறு அறைகள் என் பொறுப்பு.
ஒவ்வொரு குளியலறைத் திரையிலும் அவன்:
வளைந்த முதுகு, தலையில் மூன்று இறகு,
வாயில் குழல்.
சாவிக்கொத்தில், கால்மிதியில்,
குப்பைக்கூடையின் வயிற்றில்கூட.
கோகோபெல்லி, ஹோப்பிகளின் பாட்டுக்காரன் என்று
எனக்கே சொல்லித்தருகிறார்கள் விருந்தினர்கள்.
தலையணை உறை மாற்றுகிறேன்.

பாறையில் அவனைப் பார்த்திருக்கிறேன்.
அங்கே இடுப்புக்குக் கீழே இருந்ததை வெட்டிவிட்டுக்
குழலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது தொழிற்சாலை.
எங்கள் ஊர் ஆட்டத்தில் வருகிற கோகோபோலோவிடம்
குழலே கிடையாது, யாரிடமாவது இரவல் வாங்கினால்தான்.
பெண்கள் பக்கம் அவன் பாய்ந்து வருவான்,
என் அத்தைமார் வாய்பொத்திச் சிரித்து
நாற்காலியோடு சாய்வார்கள்.

போன வருஷம் நான் சிரிக்கவில்லை.
இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்
வெறும் வயிற்றோடு திரும்பியிருந்தேன்.
ரத்தம் எடுக்கிறவள் சொல்கிற
வெறும் வயிறு அல்ல.

மே கடைசியில் நடவு.
நிலம் என் தாய்வழிக் குலத்துடையது. விதையும் என்னுடையது.
குழி மட்டும் ஹார்லனுடையது.
மணலில் முழங்கை ஆழம் குத்துகிறான்,
ஈரம் விரலில் ஒட்டும்வரை.
குழிக்குப் பன்னிரண்டு, நீல மக்காச்சோளம்.
காக்கைக்கு, புழுவுக்கு, எலிக்கு,
என்ன செய்தாலும் எடுத்துக்கொள்கிற காற்றுக்கு,
போக மிஞ்சுவது நமக்கு.
எண்ணிப் போட்டுக்கொண்டே வந்தவள்
ஒரு குழியில்
இரண்டோடு நின்றுவிட்டேன்.
ஹார்லன் எதுவும் கேட்கவில்லை.
தண்ணீர்ப் புட்டியை நீட்டினான்.

அப்போதுதான் குத்துகோலின் முனையில்
வந்து உட்கார்ந்தது அந்த ஈ.
கூன் முதுகு, மீசை முகம்,
வாலோடு வால் ஒட்டிய இன்னொன்றையும்
பின்பக்கமாய் இழுத்துக்கொண்டு.
இதற்கும் அவன் பெயர்தான்.
'பட்டப்பகலில்,' என்றான் ஹார்லன்.
சிரித்துவிட்டேன்,
வாயைக்கூடப் பொத்தாமல்.

கோல் அவற்றிடம் இருந்தது.
அவை முடிக்கட்டும் என்று
இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தோம்,
நிழலில்லாத பதினோரு மணிக்கு.
பிறகு மீதிப் பத்தையும் போட்டு மூடினேன்.

திரும்பும்போது வண்டியின் பின்னால்
காலிக் காப்பி டப்பாக்கள் உருண்டன,
முளை வந்தால்
காற்றுக்கு மறைப்பாக வைக்க.
பதினேழு இருக்கிறது என்றான்.
போதாது என்றேன்.