வெட்டுத்துண்டு

பம்பைமடுவில் காலை எட்டரைக்கே
சுவர் சுடத் தொடங்கிவிடும்.
கடைசி வாங்குக்கு மேலே ஃபான் இல்லை.

சேர் இரண்டு கோடு கீறினார்.
படுத்திருப்பது வருமானம்,
நிமிர்ந்து நிற்பது நுகர்வு.
மூன்றாவது கோடு
இரண்டும் சந்திக்கும் மூலையில்தான் தொடங்கும் என்று
முந்திக்கொண்டு கொப்பியில் நான் இழுத்துவிட்டேன்.
காசில்லாவிட்டால் சாப்பாடில்லை. வேறென்ன?

அவர் ஒரு சாண் மேலே போய்
நிமிர்ந்த கோட்டில் சோக்கை ஊன்றினார்.
அங்கிருந்துதான் ஏறியது அவருடைய கோடு.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்.
ஓரத்தில் நான் தமிழ் எழுதுவேன்,
ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்தில்
கணக்குப் பாடத்துக்குத் தந்த சொற்களால்.
சரிவுக்குப் படித்திறன்.
கோடு அச்சை வெட்டும் உயரத்துக்கு
வெட்டுத்துண்டு.

எழுதியதும் சிரிப்பு வந்தது.
வெட்டுத்துண்டு எங்கள் வீட்டில் மூட்டையாய்க் கிடக்கிறது.
கோசலாக்கா ஆடைத் தொழிற்சாலையில் இருந்து கொண்டுவருவது:
யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கழுத்துப்பட்டி போக மிஞ்சிய நீலம்,
கைமடிப்பின் ஓரம்,
பொத்தான் துளை பிழைத்த ஒன்று.
என் விடுதித் தலையணை அதுதான்.

"வருமானம் பூச்சியமாக இருக்கும்போதும்
மனிதர் எதையோ உண்கிறார்கள். எப்படி?"
சந்தமாலி சொன்னாள்: சேமிப்பு.
செட்டிகுளத்து ஃபஸ்னா சொன்னாள்: கடன்.
இரண்டும் சரி. சேர் பலகையைத் துடைத்தார்.
அச்சில் ஊன்றிய அந்த வெள்ளைப் புள்ளி மட்டும்
சரியாக அழியவில்லை.

மத்தியானம் நூலகத்தில் ஒப்படைக்காக
வேலையின்மை அட்டவணை தேடினேன்.
ஆண்டு ஆண்டாய் இலக்கங்கள்.
இரண்டாயிரத்து ஒன்பதின் தலையில் ஒரு நட்சத்திரம்.
அடியில், எறும்பளவு எழுத்தில்:
வட மாகாணம் நீங்கலாக.
அந்த ஆண்டு எனக்கு ஆறு வயது.
நீங்கலாக இருந்த இடத்தில்
நானும் எதையோ சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.
என்ன என்று நினைவில்லை.
அம்மாவைக் கேட்டதில்லை.

இரவு அக்கா எடுத்தாள்.
"இண்டைக்கு என்ன படிச்சனீ?"
சொன்னேன்.
"காசில்லாட்டிலும் பசிக்கும் எண்டு கண்டுபிடிக்கக்
கோட் சூட் போட்டவை வேணுமோ?"
பிறகு, தணிந்து:
"சரி, மிச்சத்தைச் சொல்லு."

மிச்சம் இது:
கையில் புதிதாய் நூறு ரூபாய் விழுந்தால்
அதில் எத்தனை செலவாகும் என்பதே படித்திறன்.
நூறைத் தாண்டாது.
அக்கா தன் ஓவர்டைம் நூறை எடுத்துப் பிரித்தாள்:
செவ்வாய்க்கிழமை வரும் லோன்காரனுக்கு அறுபது,
சீனிக்கு முப்பது,
எனக்கு டேட்டா போட இருபது.
"நூற்றிப்பத்து வருது. உன்ர சேரிட்டைக் கேள்."
கடன் கட்டுவது நுகர்வில் சேராது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வவுனியாவில் பஸ் ஏறி
புளியங்குளம் தாண்டும்வரை நின்றே வந்தேன்.
கண்டக்டரிடம் இருபது ரூபாய் மிச்சம் நின்றது.
மாங்குளத்தில் இறங்கும்போது
ஒரு தோடம்பழ இனிப்பை உள்ளங்கையில் வைத்தார்.
இதை எந்த அச்சில் குறிப்பது?

பரீட்சையில் ஐந்தாம் கேள்வி அதே கேள்வி.
பத்துப் புள்ளி. பொருத்தமான உதாரணத்துடன் விளக்குக.
சேமிப்பு என்றேன். கடன் என்றேன்.
அடிமட்டம் வைத்துப் படம் கீறினேன்,
மூலையில் இருந்து இரண்டரைச் சென்ரிமீற்றர் மேலே.
ஏனையவை மாறாதிருக்க என்று
வழக்கப்படி ஆங்கிலத்தில் முடித்தேன்.

முடித்த சொல்லின் தலையில்
ஒரு நட்சத்திரம் போட்டேன்.
அடியில் எழுதக் குனிந்தபோது மணி அடித்தது.
தாள்களைக் கட்டச் சொல்லி
ஆளுக்கொரு நூல்துண்டு கொடுத்துக்கொண்டு வந்தார்கள்.