எட்டுத் தறிக்கு மேலே

வியாழக்கிழமை கடைசிப் பீரியடு எங்களுடையது.
பி.டி. வாத்தியார் விட்டுக்கொடுத்தது.
அதற்காக ஒன்பதாவது பி பையன்கள்
இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

சோமனூரில் இறங்கி
ஸ்பீக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ஷேர் ஆட்டோவில் வருவேன்.
வயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் மைக் பேசும்.
அந்தக் கோணம் பிரணேஷுக்கு மட்டும் தெரியும்.
அவன் ஒரு வரி எழுதியதில்லை.
வயரைப் பிடித்தபடி பத்து வாரம் நின்றான்.

முதல் மாதம் முழுக்க ஒரே வேலை:
‘அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்’ என்பதை
அவர்கள் வாயிலிருந்து இறக்கி வைப்பது.
கடல் என்றால் வலக்கை தானாக உயர்கிறது.
தாய் என்றால் நெஞ்சுக்குப் போகிறது.
யாரோ எழுதித் தந்ததை
மூச்சு வாங்கும் இடம் உட்பட மனப்பாடம் செய்து
சோப்பு டப்பா பரிசு வாங்கியவர்கள்.
கையைக் கீழே போடு, உங்கூட்டுப் பேச்சுல சொல்லு என்றேன்.
‘மார்க் போயிருமுங் மிஸ்.’
மார்க்கே கிடையாது.
‘அப்பறம் எதுக்குங் இது?’ என்றான் தௌபிக்.
ட்ரஸ்ட் ஆபீஸிலும் அதைத்தான் கேட்கிறார்கள்,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எக்செல் ஷீட்டில்.

மெதுவாக வந்தன.
நொய்யல் நுரைக்குள் தொலைந்த கிரிக்கெட் பந்து.
பஸ் பாஸ் கிழிந்த அன்று நடந்த தூரம்.
மமதா பெஹெரா ஒடியாவில் நாலு வரி சொன்னாள்,
நடுவில் வந்த ‘பரோட்டா’ மட்டும் புரிந்து
வகுப்பே கைதட்டியது.

மதுநிஷா கத்துவாள்.
அவள் ரகசியம் சொன்னால் ஹெச்.எம். ரூம் வரை கேட்கும்.
கொஞ்சம் குறைச்சுச் சொல்லும்மா என்றால்,
‘எங்கூட்டுல எட்டுத் தறி ஓடுதுங் மிஸ்!’
என்று அதையும் கத்துவாள்.
மற்ற பள்ளிகளில் குரலை ஏற்றக் கற்றுக்கொடுப்பவள் நான்.
இங்கே இறக்கத் தெரியாமல் முழித்தேன்.

பத்தாவது வாரம் அவள் சொன்னது:

எங்கக்கா மில்லு ஆஸ்டல்ல இருக்கறா.
புதன்கெழம சாயந்தரம் அஞ்சு நிமிசம் போனு.
நாலு நிமிசம் தறி பேசும்.
மிச்சத்துல அவ
சாப்டியான்னு கேப்பா.
சாப்டேன்னு நாஞ் சொல்றதுக்குள்ள
வார்டன் வாங்கி வெச்சுக்கும்.
மூணு வருசத்துல எங்கக்காகிட்ட நாம் பேசுனது
சாப்ட்

யாரும் கைதட்டவில்லை.
பிரணேஷ் வயரை விட்டுவிட்டான்.

செவ்வாய்க்குள் அது ஊருக்குள் போயிருந்தது,
கைமாறிக் கைமாறி வேறாக.
வியாழன் நாலரைக்கு கேட்டருகே அவள் அப்பா,
காலரெல்லாம் பஞ்சு.
‘நீங்கதானுங்களா அந்த மிஸ்ஸு?’
விதிமுறைக் கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தை
மனசுக்குள் அவசரமாகப் புரட்டினேன்.
‘புள்ள என்னமோ சொல்லிப்போட்டான்னு
ஆளுக்கொண்ணு சொல்றாங்க.
எனக்குக் காது அத்தன கேக்காதுங்.
அவளையே சொல்லச் சொல்லுங்க.’

டவுன் பஸ் ஹாரனை எடுக்காமல் அழுத்த,
அவள் சொன்னாள்,
மைக் இல்லாமல், எட்டுத் தறிக்கு மேலே.
பானிபூரிக்காரர் கை நின்றது.

கடைசிச் சொல்லின் மீதிக்காக
அவர் தலையைச் சாய்த்தபடியே நின்றார்.
அவ்வளவுதாங்க, அது அங்கேயே முடியுதுங்க என்று
விளக்கப் போய், விட்டுவிட்டேன்.

பிறகு விரலில் எதையோ எண்ணினார்.
‘எட்டுத் தறியும் அஞ்சு நிமிசம் நின்னா
ரெண்டரை மீட்டரு துணி.’
அதற்கப்புறம் சொன்னது
‘போனாப் போகுது’ என்றா,
‘போயிருமே’ என்றா?
பஸ் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.
திரும்பச் சொல்லுங்க என்று கேட்கவும் வாய் வரவில்லை.

அடுத்த புதன் சாயந்தரம்
வேறொரு பள்ளி முடிந்து வரும் வழியில்
கருமத்தம்பட்டி தாண்டி ஜன்னலைத் திறந்தேன்.
வீதிக்கு வீதி தறி,
ஊரே ஒரே சத்தம்.
அதில் எட்டு குறைந்தால்
தெரியுமா?