பதின்மூன்று கிலோ

மணலியில் ஏற்றும்போது இருநூறு.
ஆரம்பாக்கத்தில் கன்டெய்னர் ஒன்று குறுக்கே கவிழ்ந்து
வெயிலில் நின்ற பிற்பகல் முழுக்கப் போக,
தடா டயர் கம்பெனி எடைமேடையில்
நூற்று எண்பத்தேழு.

பெஞ்சலய்யா ரசீதைத் திருப்பிப் பார்த்தார்.
பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.
ஒரு சொட்டு ஈரமில்லை.
"கரிகிதே நீள்ளு உண்டாலி கதா?"
உருகினால் தண்ணீர் இருக்கத்தானே வேண்டும்,
நியாயமான கேள்வி.
இது உருகாது சார், போய்விடும் என்றேன்.
எங்கே என்றார்.
சுற்றிலும் கையைக் காட்டினேன்.
திருட்டுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை
அவர் சர்வீஸில் கேட்டிருக்க மாட்டார்.
கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்.

அச்சு இன்னும் நூற்றைம்பது டிகிரியில் தகிக்கிறது.
ஆறவைக்க அவர்களுக்கு நேரமில்லை,
அதற்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.
ஷட்டரை முழுசாகத் தூக்கு என்று கத்துகிறேன்.
சரிக்கா என்கிறான் எட்டியப்பன், பாதிதான் தூக்குகிறான்.
இந்தப் புகைக்கு வாடை கிடையாது.
பள்ளம் பார்த்துத் தேங்கி
மூச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும்.
இன்னும் தூக்குடா.

நாஸிலைத் திறந்தால்
காதுமூடியைத் தாண்டி எலும்பில் கேட்கிற சத்தம்.
அரிசி மணி அளவு வெள்ளைத் துண்டுகள்
மோதிய இடத்திலேயே இல்லாமல் போக,
வெந்து படிந்த ரப்பர் கரி
குளிரில் சுருங்கிப் பிடி விட்டு
பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.
இரும்பில் ஒரு கீறல் இல்லை.
ஆயிரம் டயர் ஈன்ற பள்ளங்களில்
எழுத்துகள் இடவலம் மாறி ஒவ்வொன்றாக விழிக்கின்றன:
கம்பெனிப் பெயர், காற்றழுத்தம்,
எதிர்த்திசையில் ஓடும் ஓர் அம்புக்குறி.

இரண்டு மணிக்கு டீ.
ஸ்டோர் ரூமில், சின்ன எடைக்கருவி மேல்
எவர்சில்வர் டம்ளர் நிறைய எங்கள் துண்டுகளை வைத்து
எதிரில் உட்கார்ந்திருக்கிறார் பெஞ்சலய்யா.
இருநூற்று நாற்பத்தொன்று.
டம்ளரின் வெளிப்புறத்தில் பனி பூத்திருக்கிறது.
நாற்பது.
டீயை நீட்டினேன், வாங்கவில்லை.
முப்பத்தெட்டு வந்ததும்
"போதோந்தி" என்றார்,
பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல.

பிறகு இருநூறுக்கே கையெழுத்து.
தேதியை மட்டும் இரண்டு முறை அடித்துத் திருத்தினார்.

விடியும்போது பெட்டி காலி, உட்புறம் காய்ந்து கிடக்கிறது.
எட்டியப்பன் அச்சுக்கடியில் உதிர்ந்ததைக் கூட்டி
உரச்சாக்கில் அள்ளுகிறான்.
நாலு கிலோ இருக்கும்.
அதை எடைபோடச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.