பச்சை வானம்

மியூஸ் ஆற்றங்கரை ஞாயிறு சந்தை.
முயல் கூண்டுகளுக்கும் செத்த தொலைபேசிகளுக்கும் நடுவே
வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்று
தூறலில் ஊறிக்கொண்டிருந்தது.
மொத்தமாக எடுத்தால் எட்டு யூரோ என்றான்.
பெட்டியை அவன் பார்க்கவேயில்லை,
மழை வலுக்குமா என்று பார்த்தான்.

மேலே சமையல் இதழ்கள்.
அடியில்,
பின்னூசி துருவேறித் தாளில் இறங்கியிருக்க,
ஏழாம் நிலவின் உப்பு வணிகர்கள்,
இதழ் பதினொன்று முதல் பதினான்கு வரை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் எனக்கு வயது ஒன்பது.
ஒரு சைக்கிள் விளக்குக்காக
என் முழு வரிசையையும் ரெமாக்லிடம் கொடுத்தேன்.
விளக்கு ஒரு வாரம் எரிந்தது.

பதினோராவது இதழில்தான்
அந்த நிலவின் வானம் பச்சையானது.
ஏன் என்று கதையில் ஒரு வரி இல்லை.
காற்றில் நஞ்சு கலந்துவிட்டது என்றான் ரெமாக்ல்.
உப்புக் கடலில் பாசி பிடித்து, அதன் நிழல் மேலே விழுகிறது என்றாள் ஜோசியான்.
நான் சொன்னது: கப்பல் தலைவன் பத்தாம் இதழிலேயே செத்துவிட்டான்,
இனி நாம் பார்ப்பதெல்லாம்
சாகிறவன் கண்ணில் மிஞ்சிய நிறம்.
அப்படிச் சொன்னதற்காக
அன்று என் முட்டி உடைந்தது.
சுங்க அலுவலகத்தில் முப்பது வருடம்
பிறர் பெட்டிகளைத் திறந்து மூடியபோதும்
அந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசிப் பக்க மூலையில்
எறும்பெழுத்தில் ஒரு பெயர்.
வண்ணம்: கிஸ்லேன் தோனார்.
தொலைபேசிப் புத்தகத்தில் தோனார்கள் ஆறு பேர்.
ஐந்தாவது ஆள்
செரெங்கில், டயர் கடைக்கு மேல் மாடியில்.

எண்பத்தொரு வயது.
புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து
மீன் வாங்குகிறவள்போல் திருப்பிப் பார்த்தாள்.
வானத்தைக் கேட்டேன்.
அரை நூற்றாண்டாகத் தொண்டையில் இருந்த கேள்வி.

"நீலம் தீர்ந்துவிட்டது" என்றாள்.
"பெட்ரோல் விலை ஏறிய வருடம்.
மை வியாபாரி பாக்கியைக் கட்டச் சொன்னான்,
முதலாளி கட்டவில்லை.
பட்டாணி டப்பா லேபிளுக்குக் கலக்கிய பச்சை
இரண்டு வாளி மிச்சம் இருந்தது."

கீழே யாரோ சக்கரத்தில் காற்று நிரப்பினார்கள்.
நான் காப்பியைக் குடித்தேன்.

பிறகு அவள் கேட்டாள்:
"இந்தச் சிவப்பு அங்கிக்காரி, இவள் யார்?"

நீங்கள் படித்ததே இல்லையா?

"எனக்கு வரும்போது பேச்சுக் குமிழிகள் காலி.
எழுத்து தனித் தாளில், வேறு மேசைக்குப் போகும்.
ஒரு வருடத்துக்கு மேல் வாயசைக்கிறவர்களுக்கு
நிறம் பூசினேன். அச்சானதும் எவன் படித்தான்?
பிள்ளைக்குச் சளி, வீட்டு வாடகை."

எனவே படித்துக் காட்டினேன்.
தலைவனுக்கு ஒரு குரல், உப்பு அரசிக்கு ஒரு குரல்,
அறுபதை நெருங்கும் வயதில்
ராட்சத நத்தைக்கும் ஒரு குரல்.
சிவப்பு அங்கிக்காரியின் பெயர் ஒரெல்யா என்றதும்
நிறுத்தச் சொன்னாள்.
"நல்லவளா? நான் இவளைத் துரோகி என்று நினைத்தல்லவா
கன்னத்தில் ஊதா வைத்தேன்."

பதினான்காம் இதழின் கடைசிக் கட்டம்.
கதவருகே தலைவன்.
ஒரெல்யா, திரும்பிப் பார்க்காதே, உன் பின்னால்...
தொடரும்.
தொடரவில்லை. அச்சகத்தைப் பூட்டிவிட்டார்கள்.
இவ்வளவுதான் என்று மூடினேன்.

"பதினைந்தாவதும் என் மேசைக்கு வந்தது" என்றாள் கிஸ்லேன்.
"பூசி முடித்துக் கொடுத்தேன்.
அந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை."

நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன்.
அவள் பின்னால் என்ன இருந்தது?

கண்ணை மூடினாள்.
விரல்கள் மட்டும் தூரிகை பிடித்தன.

"மஞ்சள்.
இரண்டு பக்கமும் ஓரம் வரைக்கும் மஞ்சள்.
காரணம் கேட்காதீர்கள்.
சொல்லித்தான் பூசினேனா,
மஞ்சள்தான் மிஞ்சியிருந்ததா, ஞாபகமில்லை."

கீழே கடைக்காரன் ஷட்டரை இழுத்தான்.
"அந்த நத்தையை" என்றாள்,
"இன்னொரு தடவை பேசச் சொல்லுங்கள்."