பூதம் நின்ற இடம்

படத்தில் பூதம் வருகிற இடத்தில் எல்லாம்
நான்தான் நின்றேன்,
இருபதடி மூங்கிலின் நுனியில்
ஒரு பச்சைப் பந்தைக் குத்திப் பிடித்துக்கொண்டு.

"அதுதான் கண்" என்றார் உதவி டைரக்டர் திலங்க.
"அதைப் பார்த்துப் பயப்படச் சொல்லு.
பூதத்தைப் பிறகு கொழும்பில்
கொம்பியூட்டரில் போடுவோம்."
தமிழில் சொன்னேன்.
ஏழாம் நம்பர் மலையில், கொழுந்து நிறுக்கிற இடத்தில்
அறுபது பேரும் சிரித்தார்கள்.

ஓடுவதற்கு ஒரு நாளைக்கு மூவாயிரம்.
கொழுந்துக்கு அதில் பாதிகூட வராது,
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
ஓட்டத்துக்குத் தராசு கிடையாது என்று
கோயில் கமிட்டியே இறங்கி வந்திருந்தது.

முதல் ஓட்டம் சரியில்லை.
எல்லாரும் பந்தை விட்டுக் காலைப் பார்த்து ஓடினார்கள்.
சரிவில் ஓடுகிறவன் வேறு எதைப் பார்ப்பான்?
இரண்டாவதில் பிள்ளைகள்
பூதத்தை நோக்கி ஓடி வந்தார்கள்.
மூன்றாவதில் மழை.
காற்சட்டைக்குள் அட்டை ஏறிய கமராக்காரர்
குதித்துக் கத்தினார்.
அன்றைக்கு நிஜமான கத்தல் அது ஒன்றுதான்.

கதை இது: மலையைத் தோண்டுகிறார்கள்.
உள்ளே தூங்கியது எழுகிறது.
"மனிதன் இயற்கையைச் சீண்டிவிட்டான்" என்று
பங்களா வராந்தாவில் நின்று
ஒரு விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றுகிறார்.
எந்த மனிதன் என்று
மூங்கில் கனக்கக் கனக்க யோசித்தேன்.
காட்டை வெட்டச் சொன்னவன் கப்பலேறிக் கனகாலம்.
வெட்ட வந்தவனின் பேரப்பிள்ளை லயத்தில்.
பூதம் மிதிப்பதும் லயத்தைத்தான்.
பங்களாவை மிதிக்க அனுமதி கிடைக்கவில்லையாம்.

நான்காவது ஓட்டத்தில்
எல்லாரும் என்னை விட்டு ஓடினார்கள்.
கைமாற்றுத் தந்தவர்கள், தங்கச்சி மாப்பிள்ளை,
நேற்று ஒன்றாய்ச் சீட்டு விளையாடியவர்கள்
வாய் பிளந்து, கூடை உருள.
எனக்கு உள்ளே ஏதோ செய்தது.
மலைக்கும் இப்படித்தான் தெரிந்திருக்குமோ நாங்கள்,
வெறும் முதுகுகளாக.

செம்பாயி மட்டும் ஓடவில்லை.
பந்தையும் பார்க்கவில்லை.
பந்துக்குப் பின்னால், மேலே,
மானாப்புல்கூட இன்னும் பிடிக்காத
அந்தச் சிவப்பு வடுவைப் பார்த்தபடி நின்றாள்.

"கட்! அந்த அம்மா ஏன் நிற்கிறார்?"

சிங்களத்தில் சொல்ல வார்த்தை தேடினேன்.
அன்றைக்கு யாரும் ஓடவில்லை, மாத்தயா.
விடிய மூன்றரை மணி.
லொறி கல் கொட்டுகிற சத்தம், அவ்வளவுதான்.
கேத்தல் வைக்க எழுந்தவள் இவள்.
அடுப்பு இந்தப் பக்கம்.
பாய் அந்தப் பக்கம்.

"காது கேட்காது" என்று சொல்லிவிட்டேன்.

படம் வந்தது.
அட்டன் பஸ்ஸில் போனில் பார்த்தோம்.
பூதம் நன்றாகத்தான் இருந்தது:
முதுகெல்லாம் தேயிலை வரிசை,
பிடரியில் டர்பன் மரங்கள்,
காலடிக்குக் கீழே பதினொரு விநாடி நாங்கள்.
அசையாமல் நிற்கிற ஒருத்தியைக் கண்டு
கொழும்புத் தியேட்டரில் கைதட்டினார்களாம்,
என்ன நடிப்பு என்று.
கடைசியில் பெயர்கள் ஓடின.
நகம் வரைந்தவர், சோறு கொடுத்தவர், குடை பிடித்தவர்.
எங்களுக்கு அரைப்பேர்கூட விழவில்லை.

மூங்கிலை நான் வைத்துக்கொண்டேன்.
லயத்துக்குப் பின்னால், மண் வெடித்த இடத்துக்கு மேலே
நேராக நட்டிருக்கிறேன்.
நுனியில் பந்து அப்படியே.
பிள்ளைகள் கல்லெறிகிறார்கள்.
பெரட்டுக்குப் போகும் முன் தினமும் பார்ப்பேன்.
சில காலையில் செம்பாயியும் வருவாள்.
அவள் நுனியைப் பார்ப்பதில்லை,
அடியைப் பார்ப்பாள்.

நேற்றைக்கு நேராக இருந்தது.
ராத்திரி முழுக்க மழை.
இன்றைக்கு எங்கள் பக்கமாக
இரண்டு விரல்.