1007 என்பவரின் கடல்

நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம்.
“கடல் நின்றுவிட்டது” என்கிறார் எர்மோகெனெஸ்
துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து.
குரலில் பதற்றமில்லை. பழைய ஆள்.
அவர் ஜன்னலுக்குக் கீழே அது
தூண்களை அறைந்துகொண்டுதான் இருக்கிறது,
எனக்கே ஃபோனில் கேட்கிறது.
நின்றது திரையில் ஓடும் கோடு.

வால்பரைசோ, பரோன் குன்று, ஜூலைக் குளிர்.
போர்வைக்குள் மடிக்கணினியை இழுத்துப்
பதிவைத் திறந்தால்
ஒரே வரி, நிமிடத்துக்கு ஒருமுறை:
அனுமதி மறுக்கப்பட்டது.
அனுமதி மறுக்கப்பட்டது.
அலையளவி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது,
அலுக்காமல்.

முதலில் செய்யக்கூடாததைச் செய்தேன்.
ரூட்டாக நுழைந்து நானே எழுதிப் பார்த்தேன்.
எழுதியது.
எழுதாமல் என்ன? ரூட்டுக்குக் கதவு ஏது,
சுவரும் அதற்கு வழிதான்.
என்னால் முடிகிறது என்பது
இன்னொருவருக்கும் முடியும் என்பதற்குச் சான்றல்ல.
இரண்டு திருமணங்களில் கற்காததை
இந்த வேலையில் கற்றேன்.

பிறகு அளவியை ஓட்டும் பயனராகவே மாறினேன்.
பெயர் மரேயா. எங்கள் பேச்சில் ஓதம்.
மரேயாவாகக் கேட்டேன். மறுப்பு.

ஜூலை மாத அடைவைப் பார்த்தேன்.
உரிமையாளர், குழு, மற்றவர்.
மரேயா அந்தக் குழுவில் இருக்கிறாள்.
வாசிக்கலாம், எழுதலாம், நுழையலாம்,
குழுவுக்கு மூன்றும் உண்டு.
எல்லாம் சரி. ஆனாலும் முடியாது.

விரல்கள் தாமாகவே
மூன்று ஏழுகளைத் தட்டியிருந்தன.
எல்லோருக்கும் எல்லாம்.
தூக்கம் கெட்டவர்களின் மந்திரம் அது.
என்டரைத் தொடும் முன் அழித்தேன்.
தொட்டிருந்தாலும் பயனில்லை என்பது
அப்போது தெரியாது.

பாதையை மேலிருந்து
படிப்படியாக இறங்கி வாசித்தேன்.
வேர்: போகலாம்.
வீடுகள்: போகலாம்.
நிபால்டோவின் வீடு:
700.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
1007.

நிபால்டோ உர்ருத்தியா வெள்ளியன்று ஓய்வுபெற்றார்.
பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஏதோ அவசரத்தில்,
ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாமே என்று
பசிபிக்கைத் தன் வீட்டுக்குள் விட்டிருக்கிறார்.
அது அங்கேயே தங்கிவிட்டது.
கேக் வெட்டியதும்
பட்டியலில் உள்ளபடி
கணக்கை நீக்கி
வீட்டைப் பூட்டியது
நான்.

மாலையே பூட்டியும் நள்ளிரவுவரை ஓடியது எப்படி?
கையில் திறந்திருக்கும் கோப்பை
யாரும் பிடுங்குவதில்லை.
புது நாளுக்குப் புதுக் கோப்பு கேட்டபோதுதான்
வாசல் அவளைப் பார்த்தது.
உள்ளறைகள் விரியத் திறந்து கிடக்க
வாசலில் ஒரே ஓர் எழுத்து இல்லை.
எக்ஸ்.
கோப்பிடம் அது சொல்வது: ஓடு.
அடைவில் அதன் பொருள்: கடந்து போ.
சாமி கொடுத்த வரம்
பூசாரியிடம் நின்றுபோன கதை.

கடலை வெளியே கொண்டுவந்தேன்,
பொது இடத்துக்கு, மரேயாவின் பெயரில்.
குழு எழுதட்டும், மற்றவர் வாசித்தால் போதும்.
1007-ஐயும் விட்டுவைக்கவில்லை.
எண்ணுக்கு முகம் தெரியாது.
அடுத்த மாதம் சேரும் யாரோ ஒரு பையனுக்கு
அதே எண் விழுந்தால்
நிபால்டோவின் நாலாயிரம் நாள் ஓதமும்
கேட்காமலே அவனுடையதாகிவிடும்.

ஆகப் பழைய கோப்பின் தலையில் ஒரு குறிப்பு:
சோதனை. காற்றில்லை.
கோடு நகர்கிறது, நம்பமுடியவில்லை. நி.
அதன் உரிமையாளரையும் மாற்றினேன்.
குறிப்பைத் தொடவில்லை.

ஒன்று ஐம்பத்திரண்டு. எர்மோகெனெஸ் சொல்கிறார்,
“நகர்கிறது.”
அவருக்குப் பின்னால் ஒரு கடற்சிங்கம் குரைக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டு நிமிடக் கடல்
எந்தக் கோப்பிலும் இல்லை.

திங்களன்று அறிக்கை தரவேண்டும்.
‘காரணம்’ என்ற கட்டத்துக்கு
மூன்று வாக்கியங்கள் யோசித்துவிட்டேன்.
மூன்றிலும் நான் இல்லை.
தேநீர் போட்டுக்கொண்டு வந்து
நான்காவதைப் பார்க்கிறேன்.