லிவர்க்காரி

முத்தூர் ரோட்டில், எடைமேடைக்கு எதிரே,
எங்கள் விறகுக் களத்தில்
பதினோரு நாளாக ஒரு சொல் புழங்குவதில்லை.

ஆவணி முகூர்த்தம். வெள்ளகோவிலில் நாலு மண்டபம்,
நாலுக்கும் எங்கள் விறகு.
டிராக்டரில் பூட்டிய பிளக்கும் மிசின்.
நான் லிவரில்.
நாச்சிமுத்தண்ணன் கட்டையை ஏற்றுவார்.
பிளந்து விழுவதை எடுத்து அடுக்குவான் ஜதீன்,
பலாங்கீரிலிருந்து வந்து எட்டு மாதம்.

மிசினின் ஆப்பு அவசரப்படாது.
மெல்ல வரும், புழுப் போல.
அதுதான் அதன் வஞ்சகம்.
கோடாலி ஓங்கினால் கோழிகூட விலகும்;
இது வரும்போது ஒருவன் பீடி பற்ற வைக்கலாம்,
கட்டையைத் திருப்பலாம்,
இன்னும் நேரமிருக்கிறது என்று கையை உள்ளே நீட்டலாம்.
வெட்டாது. அமுக்கும்.

அன்று வெள்ளைவேலாங்கட்டை ஒன்று,
கணுவும் கோணலுமாய், மேடையில் உட்கார மாட்டேன் என்றது.
அண்ணன் ஒரு பக்கம் திருப்ப
ஜதீன் அடியில் கை கொடுத்தான்.
நான் ரோட்டைப் பார்த்தேனா, லோடு லாரியைப் பார்த்தேனா,
இப்போது நினைவில்லை.
டிராக்டர் இரைச்சலுக்குள்ளிருந்து அவன் கத்தினான்:
"விடு!"

குற்றம் சொல்ல முடியாத தமிழ்.
கையை விடு, கட்டையை விடு, நிறுத்து
என்று அவன் சொன்னது.
எனக்குக் கேட்டதும் நல்ல தமிழ்தான்:
தண்ணியை விடு, வண்டியை விடு,
ஆப்பை விடு.

விட்டேன்.

உடனே லிவரிலிருந்து கையை எடுத்தேன்.
எடுத்தால் நிற்க வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.
நிற்கவில்லை.
கை வலிக்கிறதென்று காலையில் லிவரைச் சாய்த்துக் கட்ட
சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருந்தேனே,
நான்தான், வேறு யாருமில்லை.
அதை அறுத்துப் பின்னால் தள்ள மூணு நொடி.
மூணு நொடியில் ஆப்பு
அவன் கையுறையின் சுண்டுவிரலைத் தின்றிருந்தது.

விரல் அதற்குள் இல்லை.
அண்ணனுக்கு வாங்கிய உறை, அவனுக்கு ரெண்டு அளவு பெரிசு;
பெரிசாக இருந்ததால் மாட்டியது,
பெரிசாக இருந்ததால் பிழைத்தான்.
இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

களத்துக்காரர் பொங்கியண்ணன் ஓடி வந்தார்.
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஒண்ணுமாகலீல்ல, விடு அம்மணி.
மண்டபத்துக்காரன் நாலு தரம் போன் பண்ணீட்டானுங்க."

டிராக்டர் சாவியை உருவித்
தூக்குப்போசிக்குள் போட்டு மூடினேன்.
அந்தப் பகல் முழுக்க மிசின் ஓடவில்லை.
எனக்கு அரைக்கூலி பிடித்தார். பிடிக்கட்டும்.

இப்போது கட்டை வைக்கிற கைதான் லிவரையும் தொடும்.
ஒரு ஆள், ரெண்டு கை, அவ்வளவு.
ஜதீன் சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் நிற்பான்;
ஆப்பு முழுசாகத் திரும்பி, நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினால்தான்
கோட்டைத் தாண்டுவான்.
ஆளுக்கொரு விசில், கண்டக்டர் விசில், கழுத்தில்.
பஸ்ஸில் ஏறிய எவனுக்கும் அது புரியும்:
ஒண்ணு ஊதினால் நிற்கணும்.
ரெண்டாவது விசில் எங்கள் களத்தில் கிடையாது.

நாளைக்கு முக்கால் டன் குறைகிறது.
பொங்கியண்ணன் தினமும் அதைச் சொல்கிறார்,
சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

அந்தக் கணுக்கட்டையை யாரும் பிளக்கவில்லை.
வேலியோரம் உருட்டி விட்டோம்.
மத்தியானம் அதன்மேல் உட்கார்ந்து
ஜதீன் ரசஞ்சோறு பிசைகிறான்.

பார்க்கக் கூடாது என்றுதான் தினமும் திரும்பி உட்காருகிறேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு,
பருக்கை ஒட்டிய அந்தக் கடைசிச் சின்ன விரல்.